பாரியில் அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்த பெண்மணிக்கு

இத்தாலியின் புல்யா பகுதியில் பாரி நகரப் பழைய தெருவில், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பெண்மணியே, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

என் அம்மா சுத்த சைவம். கசப்புக் கீரை போட்ட ஓரெக்கியெத்தே என்ற பாஸ்தா வந்தது. முதல் வாய் எடுக்கும்போது நீங்கள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தீர்கள். செல்போனில் நெத்திலி படத்தைக் காட்டினீர்கள். எண்ணெயில் கரைந்துவிடுவதால் அது கண்ணுக்கே தெரியாது, எங்களுக்கு எப்படித் தெரியும்? "சைவம்தான்" என்று நாங்கள் நம்பிவிட்டோம். அடுப்படிக்கே போய், பூண்டும் மிளகாயும் மட்டும் போட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னீர்கள்.

பிறகு உங்கள் வீட்டு வாசலுக்கும் கூட்டிப்போனீர்கள். ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்த மாவு, முட்டை கிடையாது. மாவுத் துண்டைக் கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்தால் குட்டிக் காது! ஓரெக்கியெத்தே என்ற பெயருக்கு அர்த்தமே அதுதானாம். அம்மா ஏழு செய்தார்.

1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அல்பெரோபெல்லோ ஊரில், கூட்டம் மொய்க்கும் மோந்தி பகுதியை விட்டு ஆயா பிக்கோலா என்ற பகுதிக்குப் போகச் சொன்னதும் நீங்கள்தான். சாந்தே இல்லாமல் கல்லடுக்கிய கூம்புக் கூரைகளுக்கு நடுவே அம்மா நிதானமாக நடந்தார்.

மனசார நன்றிம்மா.