வோர்ன்–முரளிதரன் கிண்ணத்துக்கு மூன்றாவது டெஸ்ட் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

2022 ஜூலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் காலியில் நடந்த இரண்டாவது டெஸ்டை இலங்கை இன்னிங்ஸ் மற்றும் 39 ஓட்டங்களால் வென்றது. பிரபாத் ஜயசூரிய தன் முதல் டெஸ்டிலேயே 12 விக்கெட் வீழ்த்தினார். சந்திமால் ஆட்டமிழக்காமல் 206 அடித்தார். தொடர் 1-1. ஆனால் இந்த இரு அணிகளும் மோதும் டெஸ்ட் தொடருக்கு வழங்கப்படும் வோர்ன்–முரளிதரன் கிண்ணம் அவுஸ்திரேலியாவிடமே தங்கிவிட்டது.

தொடர் சமநிலையானால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே கிண்ணம் இருக்கும் என்பது விதி. அதில் குற்றமில்லை. தொடரில் இரண்டே போட்டிகள் இருப்பதுதான் குறை. 2022இல் முதல் போட்டி மூன்றாம் நாளிலும் அடுத்தது நான்காம் நாளிலும் முடிந்துவிட்டன. ஆடுகளத்தில் பந்து இப்படித் திரும்பும்போது டிரா ஆவது அபூர்வம். எனவே கிண்ணத்தைப் பறிக்க வருபவர் இரண்டையும் வென்றாக வேண்டும். வைத்திருப்பவருக்கு ஒன்று போதும். மூன்று போட்டிகள் என்றால் ஒன்றில் சறுக்கினாலும் 2-1 என மீளலாம்.

2007இல் பிரிஸ்பேன், ஹோபார்ட்டில் தொடங்கிய இந்தக் கிண்ணத்துக்காக மூன்று டெஸ்ட் ஆடியது 2011, 2012-13, 2016 ஆகிய தொடர்களில் மட்டுமே. இலங்கை கிண்ணத்தை வென்றது 2016இல் மட்டும், 3-0 என்று. பல்லேகலையில் முதல் இன்னிங்ஸில் 117க்குச் சுருண்ட அணியை குசல் மெண்டிஸின் 176 தூக்கி நிறுத்தியது. காலியில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் வீழ்த்தி ஹட்ரிக் எடுத்தார். அவருடைய வேலையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பந்து வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும், அதே கை, அதே வேகத்தில் வரும் அடுத்தது திரும்பாமல் நேரே போய்க் காலில் படும். திரும்பும் என்று நம்பித் துடுப்பை வெளியே கொண்டுபோனவர் எல்.பி.டபிள்யூ. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்த மூன்றாவது டெஸ்டில் மட்டும் அவருக்கு 13 விக்கெட், தொடரில் மொத்தம் 28. அந்த மூன்றாவது போட்டி இல்லாதிருந்தால் அந்த 13ஐ நாம் பார்த்திருக்கவே மாட்டோம். ஆட்டக்காரரைப் போட்டிக்குப் போட்டி படித்து வீழ்த்துவதுதான் சுழற்பந்துக் கலை. டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முரளிதரன், 708 விக்கெட் எடுத்த வோர்ன் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்களின் பெயரைத் தாங்கும் கிண்ணத்துக்கு அதற்குரிய அவகாசம் தரப்படாதது மனதை உறுத்துகிறது.

2018-19, 2022, 2025 தொடர்கள் எல்லாம் இரண்டிரண்டு போட்டிகள்தான். கடைசி இரண்டு தொடர்களின் நான்கு டெஸ்டுகளும் காலியிலேயே. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஒரு தொடருக்கு இரண்டு போட்டிகளே குறைந்தபட்சத் தேவை. ஒரு வெற்றிக்கு 12 புள்ளிகள் என்றாலும் தரவரிசை, பெறக்கூடிய புள்ளிகளில் பெற்றது எத்தனை சதவீதம் என்று கணிக்கப்படுவதால், போட்டிகளைக் குறைத்தாலும் அட்டவணையில் நட்டமில்லை. அதனால் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் மோதும் போடர்–கவாஸ்கர் கிண்ணத்தை 2024-25இல் ஐந்து டெஸ்டாக உயர்த்த முடிந்திருக்கிறதே.

அடுத்து அவுஸ்திரேலியா இங்கே வரும்போது 2016இன் வரிசையையே வைக்கலாம்: புதுப்பந்து ஸ்விங் ஆகும் பல்லேகலை, பிறகு காலி, முடிவில் எஸ்.எஸ்.சி. ஒவ்வொரு போட்டிக்கும் நடுவே ஐந்து நாட்களாவது இடைவெளி விட வேண்டும். ஒரு டெஸ்டில் ஐம்பது, அறுபது ஓவர் வீசும் சுழற்பந்து வீச்சாளரின் விரலும் தோளும் ஆற அவ்வளவு நாள் தேவை.

இப்படிக்கு,
கிரிக்கெட் வாசகர் ஒருவர்,
கண்டி.