செயலாளர் ஆண்டறிக்கை: பழைய பருத்தியைத் தேடிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சித்திரை தொடங்கிப் பங்குனி முடிய நம் ஊர் வரலாற்று வட்டம் மாதந்தோறும் கூடியது. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வெள்ளைக்காரர் காலத்தில் கொங்குச் சீமையில் நடந்த பயிர் முயற்சிகளை இந்த ஆண்டுக்கான பொருளாக எடுத்துக்கொண்டோம். பேசப் பேச விரிந்தது பருத்திதான். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்தன. அந்தப் பருத்தியை இந்தியாவிலேயே விளைவிக்கப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1842இல் ராபர்ட் வைட்டைக் கோயமுத்தூருக்கு அனுப்பியது. படிப்பால் மருத்துவர், ஈடுபாட்டால் தாவரவியலாளர். 1853இல் ஊர் திரும்பும் வரை இங்கே சோதனைப் பண்ணைகளைக் கவனித்தார். அமெரிக்கப் பருத்தியோ நம் குடியானவர்களிடம் நிலைக்கவில்லை.

வைட் வெளியிட்ட செடிப் படங்களை ஆடிக் கூட்டத்தில் திரையில் பார்த்தோம். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார் என்று அறிந்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அந்தப் பண்ணைகளில் கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாடு) ஓட்டியவர்கள், களை எடுத்த பெண்கள் என ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அன்று முதல் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பருத்தி ஏன் நிலைக்கவில்லை என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டோம். உறுப்பினர் ஒருவர் தம் கரிசல் காட்டில் இடம் தந்தார். புரட்டாசிக் கடைசியில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இரண்டு சால், இன்றைய அமெரிக்க வகை இரண்டு சால் போட்டோம். தண்ணீர் கட்டுவதில்லை, மருந்தடிப்பதில்லை என்று பேச்சு. ஐப்பசியில் கொட்டிய மழை கார்த்திகையில் எட்டியே பார்க்கவில்லை. தை பிறந்தபோது அமெரிக்க வகையின் இலையோரம் மடங்கிச் சிவந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியெல்லாம் தத்துப்பூச்சி. கருங்கண்ணி இலை சிறுத்தாலும் பச்சையாக நின்றது. காய் சின்னதுதான், இழையும் குட்டைதான், ஆனாலும் மாசியில் வெடித்தது. நாலு சாலை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. இருந்தாலும் வானம் பார்த்த காட்டுக்காரர் எதை நம்பியிருப்பார் என்பது எனக்குப் புரிந்தது.

பறித்த பருத்தியை 80 வயதைக் கடந்த ஓர் ஆத்தாவிடம் கொண்டுபோனோம். பரண்மேல் கிடந்த, பருத்திக் கொட்டை நீக்கும் மணையை இறக்கச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு உருளைக்கு நடுவே சுளையைக் கொடுத்தார். பஞ்சு அந்தப் பக்கம் போக, கொட்டை மடியில் விழுந்தது. “மெதுவாச் சுத்தோணும் கண்ணு, வெரசாச் சுத்துனா கொட்டை நசுங்கிப் போயிரும்” என்றார். விழுந்த கொட்டையில் ஒன்றைக்கூட விடாமல் மாட்டுக்கென்று பொறுக்கி வைத்தார். கொட்டை நீக்க ரம்பப் பல் வைத்த அமெரிக்க ஜின் பொறி நம் நாட்டுப் பருத்தியின் குட்டை இழையை அறுத்துவிடும் என்று படித்திருந்தேன். அதன் பொருள் அந்தத் திண்ணையில்தான் விளங்கியது.

அமெரிக்க இனம் பின்னர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தபோது, கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் நம்மவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். விதைக் கடையில் நாம் கேட்டு வாங்கிய ‘எம்.சி.யு.’ என்ற பருத்தி ரகப் பெயரின் விரிவு மதராஸ், கம்போடியா, உகாண்டா. கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்த விவசாயிகளே வியந்தார்கள். பெருமையை விதைக்கு மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, விடியற்காலையில் கவலை பூட்டி இறைத்தவர்கள் இல்லாமல் கம்போடியா இங்கே ஏது?

கார்த்திகையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்குச் சென்றோம். 1912இல் தொடங்கிய இடம். வடக்கே எளிதில் பூக்காத கரும்பு கோயமுத்தூரில் பூக்கும்; அதனால் இங்கே இனம் கலக்க முடிந்தது. அங்கே ஆய்வு செய்த பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. அந்தக் ‘கோ’ நம் கோயமுத்தூர்தான். ஏற்காட்டுக் காப்பியைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை.

பழைய சாகுபடிக் கணக்குகளைப் பார்வையிட ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினோம். பதில் இல்லை. மீண்டும் எழுதுவோம்.

முதியவர்களில் இருவர் குரலைப் பதிவு செய்துவிட்டோம். கவலை இறைத்துக் கம்போடியா விளைவித்த அப்பாரு ஒருவரிடம் தைப்பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தோம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அவர் காலமானார். நாள் தள்ளியது என் தவறு. உங்கள் வீடுகளில் அந்த வயதில் யாரேனும் இருந்தால் இன்றே சொல்லுங்கள், மறுநாளே வருகிறோம்.

கருங்கண்ணி விதை ஒரு படிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. புரட்டாசியில் போட விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்