கல்லில் வெட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள கோமதி,

நலம், நலமறிய ஆவல். பேத்தி பிறந்த செய்தியை ராஜி சொன்னாள். உன் மூக்கு வந்திருக்கிறதாமே, பாவம் குழந்தை! இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது திட்டுவதற்கு நேரமில்லை, அவசரமாக ஒரு காரியம் இருக்கிறது.

நம் பள்ளியின் பொன்விழா மலருடைய புரூஃப் வந்து சேர்ந்தது. தமிழ்ப் பக்கங்களைச் சேது பார்த்திருக்கிறான், அதில் யாரும் கைவைக்க வேண்டாம். ஆங்கிலப் பக்கங்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நுழைவாயிலில் பதிக்கப்போகிற கிரானைட் பலகையின் வாசகத்தையும் அதே உறையில் வைத்திருக்கிறாய். அதில் “ஓல்ட் ஸ்டூடண்ட்’ஸ் அசோசியேஷன்” என்று இருக்கிறது. இதைப் படித்த கையோடு கல்வெட்டுகிறவருக்குப் போன் போடு. எஸ்ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரபி, அதாவது மேலே தொங்குகிற இந்த ’ குறி, நின்றால் ஒரே ஒரு பழைய மாணவியின் சங்கம் என்று பொருள். ஐம்பது வருஷத்து மாணவிகளும் சேர்ந்து கொடுக்கிற பலகை அது. “ஸ்டூடண்ட்ஸ்’” என்று எஸ்ஸுக்குப் பின்னால்தான் குறி வர வேண்டும். தாளில் தப்பு வந்தால் திருத்தம் ஒட்டலாம், கல்லில் வெட்டியதை என்ன செய்வது? அது நம் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும்.

முன்னாலா பின்னாலா என்று கேட்டு நீ போனிலேயே கத்தினாய். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. எஸ்ஸைப் பார்க்காதே, உடையவரைப் பார். பொருள் யாருடையதோ அவரை முதலில் முழுசாக எழுதிவிடு. பலர் என்றால் பன்மையாகவே எழுது. எழுதி முடித்த இடத்தில் குறியை வை. அந்தச் சொல் பன்மைக்குரிய எஸ்ஸில் ஏற்கெனவே முடிந்திருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் குறிக்குப் பிறகு ஓர் எஸ் சேர். இவ்வளவுதான்.

மலரிலேயே போட்டுப் பார்க்கலாம். 14-ஆம் பக்கத்தில் “டோனர்’ஸ் லிஸ்ட்” என்று தலைப்பு. கீழே இரண்டு பத்தி நிறையப் பெயர்கள். கொடுத்தவர்கள் பலர், ஆகவே “டோனர்ஸ்” என்று எழுதி முடித்து அதன் பின்னால் குறி: “டோனர்ஸ்’ லிஸ்ட்”. “ஹெட்மிஸ்ட்ரஸ்’ஸ் மெசேஜ்” சரிதான், தலைமையாசிரியை ஒருவர், அந்தச் சொல்லின் கடைசி எஸ் பன்மை எஸ் அல்ல. 22-ஆம் பக்கத்தில் “சில்ட்ரன்ஸ்’ டே” என்று பார்த்ததும் எனக்கு வலித்தது. சில்ட்ரன் என்பதே பன்மை. உடையவரை எழுதி முடித்தால் சில்ட்ரன், பிறகு குறி, பிறகு எஸ்: “சில்ட்ரன்’ஸ் டே”. விமன், மென் இரண்டுக்கும் இதே கதைதான். ஊரெல்லாம் ஜவுளிக்கடைப் பலகைகளில் “மென்ஸ்’ வேர்” என்று தொங்குவதற்கு இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதே காரணம்.

நமக்கு இது ஏன் குழப்புகிறது தெரியுமா? தமிழில் ‘மாணவிகள்’ வேறு, ‘மாணவியின்’ வேறு, ‘மாணவிகளின்’ வேறு. காதில் கேட்டாலே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே ஓசை, கண்ணால்தான் பிரிக்க வேண்டும். அதனால் சந்தேகம் வந்த இடத்தில் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார். ‘கள்’ மட்டும் வந்தால் குறியே கிடையாது. ‘உடைய’ வந்தால் எஸ்ஸுக்கு முன். ‘களுடைய’ வந்தால் பெரும்பாலும் எஸ்ஸுக்குப் பின். முக்கால்வாசி இடங்களுக்கு இது போதும்.

மீதிக் கால்வாசியில்தான் வழுக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பக்கத்தில் “35 இயர்ஸ் சர்வீஸ்” என்று வரிசையாக வருகிறது. தமிழில் ‘35 வருஷ சேவை’ என்போம், ‘உடைய’ வராது, ஆனால் ஆங்கிலத்தில் குறி வேண்டும்: “35 இயர்ஸ்’ சர்வீஸ்”. இந்த இடத்துக்கு வேறு சோதனை. நடுவில் “ஆஃப்” போட்டுப் பார். “35 இயர்ஸ் ஆஃப் சர்வீஸ்” என்று பொருந்துகிறது, ஆகவே ஆஃப் இல்லாமல் எழுதும்போது அதன் இடத்தைக் குறி பிடித்துக்கொள்ளும். ஆஃப் போட்டே எழுதினால் குறி வேண்டாம். “35 இயர்ஸ் ஓல்ட்” என்பதில் ஆஃப் நுழையாது, அங்கே குறியும் நுழையாது. “ஒன் டே’ஸ் லீவ்”, “டூ வீக்ஸ்’ நோட்டீஸ்” எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வேலைக்கு விண்ணப்பிக்கிற உன் சின்னவனிடமும் சொல், “டென் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

இரண்டாவது வழுக்கல் “இட்ஸ்”. 3-ஆம் பக்கத்தில் “தி ஸ்கூல் அண்ட் இட்’ஸ் டீச்சர்ஸ்” என்று அச்சாகியிருக்கிறது. ‘அதன்’ என்று தமிழில் வருவதால் கை தானாகக் குறியைப் போட்டிருக்கும். ஆனால் ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ் எதற்கும் குறி கிடையாது, இட்ஸும் அந்தக் குடும்பம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே உடைமைக்கும் “இட்’ஸ்” என்று அச்சடித்திருக்கிறார்கள், பிறகுதான் குறி உதிர்ந்தது. இப்போது “இட்’ஸ்” என்றால் “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்”, மூன்றாவது பொருள் இல்லை. விரித்து வாசி. “தி ஸ்கூல் அண்ட் இட் இஸ் டீச்சர்ஸ்” என்றால் சிரிப்பு வருகிறதா, குறியை எடு. “ஹூ’ஸ்” என்பதற்கும் இதே விரித்து வாசிக்கிற வைத்தியம். ஆனால் “எவ்ரிஒன்’ஸ்”, “சம்ஒன் எல்ஸ்’ஸ்” இரண்டுக்கும் குறி உண்டு, அவை அந்தக் குடும்பத்தில் சேராது.

விழுந்த எழுத்துக்குப் பதிலாக நிற்பதுதான் இந்தக் குறியின் பழைய தொழில். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுவழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உடைமைக் குறியாக ஆனதுகூட, பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘இஎஸ்’ என்று இருந்து அதில் ‘இ’ தேய்ந்துபோனதால்தான். அதனால் எழுத்து எங்கே விழுந்ததோ அங்கேதான் நிற்க வேண்டும். “டூ நாட்” சுருங்கும்போது விழுவது நாட்டின் நடுவிலிருக்கிற ஓ, ஆகவே குறி என்னுக்கும் டியுக்கும் நடுவில். மாணவிகள் எழுதிய கட்டுரையில் மூன்று இடத்தில் டூவுக்கும் என்னுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். “டஸ்”, “டிட்” வருகிற இடங்களிலும் அப்படியே. அங்கே ஒன்றும் விழவில்லையே! எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்திருக்கிறேன்.

வெறும் பன்மைக்குக் குறி போட்டிருக்கிற இடங்களை எல்லாம் அடித்துவிட்டேன். “1970’ஸ் பேட்ச்” வேண்டாம், “1970ஸ்” போதும். “எம்எல்ஏ’ஸ்” வேண்டாம். விளம்பரப் பக்கத்தில் “ஸ்வீட்’ஸ் அண்ட் இட்லி’ஸ்” கொடுத்தவரிடம் நயமாகச் சொல்லி எடுக்கப் பார். இங்கிலாந்தில் காய்கறிக்கடைக்காரர்கள் தக்காளிக்கும் ஆப்பிளுக்கும் இதையே செய்து பேர் வாங்கியவர்கள், 18-ஆம் நூற்றாண்டில் உயிரெழுத்தில் முடிகிற அயல்சொற்களின் பன்மைக்கு இப்படிக் குறி போடும் வழக்கமே அங்கே இருந்தது. ஒரே ஒரு விலக்கு: தனி எழுத்தின் பன்மை. “த்ரீ ஏ’ஸ்” என்று மதிப்பெண் பட்டியலில் இருப்பதை விட்டுவிடு, குறியை எடுத்தால் “ஆஸ்” என்று வேறு சொல்லாகிவிடும்.

நம் தாஸ் சார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயர் எஸ்ஸில் முடிவதால் நாலு இடத்தில் நாலு விதமாக வந்திருக்கிறது. இதில் இரண்டு கட்சி உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகள் பின்பற்றுகிற ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) முறை குறியோடு நிறுத்தும், சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முறை இன்னொரு எஸ் சேர்க்கும். 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கான்சஸ் மாநில வழக்கு ஒன்றில் நீதிபதி தாமஸ் “கான்சஸ்’” என்றும், மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சூட்டர் “கான்சஸ்’ஸ்” என்றும் எழுதினார்கள். அவர்களே ஒத்துப்போகவில்லை என்றால் நமக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரே மலருக்குள் இரண்டும் கூடாது. நான் “தாஸ்’ஸ்” என்று முடிவு செய்திருக்கிறேன். வாயால் சொல்லும்போது இரண்டாவது எஸ் கேட்கிறது, கேட்பதை எழுதிவிடலாம். நீ வேறு சொன்னாலும் நான் மாற்றப்போவதில்லை, உன் பிடிவாதம் எனக்கும் தெரியும், என் பிடிவாதம் உனக்கும் தெரியும்.

பெயர்ப்பலகை, கடைப்பெயர், பள்ளிப்பெயர் இவற்றில் இலக்கணம் பேசாதே. பெயருக்குச் சொந்தக்காரர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே. லண்டன் பாதாள ரயிலில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” நிலையத்துக்குக் குறி உண்டு, பிக்காடிலி தடத்தில் அடுத்த நிலையமான “பேரன்ஸ் கோர்ட்”டுக்குக் கிடையாது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடை 2012-இல் தன் குறியைத் தானே எடுத்துவிட்டது. நம் பள்ளியின் பெயரில் “கேர்ள்ஸ்” என்பதற்குக் குறி இல்லாமல்தான் மாற்றுச் சான்றிதழில் இருக்கிறது, அதைத் திருத்தக் கிளம்பாதே. விழா நாட்களுக்கும் தனித்தனி மரபு. செப்டம்பர் 5-க்கு “டீச்சர்ஸ்’ டே”. அன்னையர் தினம் தமிழில் பன்மை, ஆங்கிலத்தில் “மதர்’ஸ் டே” என்று ஒருமை. அதைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு வீடும் தன் தாயை நினைக்கட்டும் என்று ஒருமையில்தான் வேண்டும் என வற்புறுத்தினார். ‘கள்’ சோதனை அங்கே உதவாது, மரபைத்தான் பார்க்க வேண்டும்.

கணினிக்காரர்கள் இந்தக் குறியோடு மல்லுக்கட்டுவதும் உண்மை. 2024-இல் இங்கிலாந்தின் நார்த் யார்க்ஷயர் கவுன்சில், தரவுத்தளத்தில் தேடுவதற்குச் சிக்கல் என்று தெருப்பலகைகளில் குறியை விடப்போவதாக அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. ஹாரோகேட் ஊரில் “செயின்ட் மேரி’ஸ் வாக்” பலகையில் யாரோ பேனாவால் குறியை வரைந்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தப் பேனாக்காரரைப் பிடித்திருக்கிறது.

அச்சகத்தில் நடக்கிற கோளாறு வேறு, இதைச் சேதுவிடம் வரிவரியாகப் படித்துக் காட்டு. 9-ஆம் பக்கத்தில் குறி வர வேண்டிய இடமெல்லாம் தொப்பி போட்ட ஒரு ஏ, யூரோ நாணயக் குறி, டிஎம் என்று மூன்று உருவங்கள் நிற்கின்றன. மின்னஞ்சலில் வந்த வளைந்த குறி, யூட்டிஎஃப் 8 என்கிற கணினி எழுத்துக் குறியீட்டில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அச்சகத்து மென்பொருள் அதைப் பழைய விண்டோஸ் குறியீடாக நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஒவ்வொன்றாக அடித்துத் திருத்த வேண்டாம். கோப்பைத் திறக்கும்போதே யூட்டிஎஃப் 8 என்று தேர்வு செய்து மறுபடி உள்ளே இழுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகும்.

வேர்டில் இன்னொரு தொல்லை. சொல்லின் தொடக்கத்தில் குறியை அடித்தால், மேற்கோள் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். “’90ஸ்” என்று சுருக்கி எழுதிய இடமெல்லாம் அப்படித் திரும்பியிருக்கிறது. விழுந்த 19-க்குப் பதிலாக நிற்பது அது, 9 வடிவில் கீழ்நோக்கி வளைய வேண்டும், 6 வடிவில் அல்ல. குறியை இரண்டு முறை அடித்து முதலாவதை அழித்துவிட்டால் சரியானது நிற்கும். அல்லது ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0146. இரண்டு வளைவும் கலந்த கோப்பை அப்படியே விட்டால் அச்சில் அசிங்கமாகத் தெரியும், பெரிய எழுத்துத் தலைப்பில் இன்னும் மோசம். சிலர் எண் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கிற சாய்ந்த கோட்டை அடித்திருக்கிறார்கள், அது வேறு குறி, அதையும் தேடி மாற்றச் சொல்.

இரண்டாவது புரூஃபை வேர்டில் அனுப்பாதே, பிடிஎஃப்பாக அனுப்பு. என் கணினி திறக்கும்போது எதையாவது மாற்றிக் காட்டினால் இருக்கிற தப்பு மறைந்துவிடும். புதன்கிழமைக்குள் வந்தால் வெள்ளிக்கிழமை கூரியரில் போட்டுவிடுகிறேன். 17-ஆம் பக்கத்தில் மல்லிகா டீச்சர் படத்துக்குக் கீழே பெயரே இல்லை. இனிஷியல் ராஜிக்குத்தான் சரியாகத் தெரியும், கேட்டுப் போடு.

அன்புடன்,
வசந்தா