சீட்டில் எழுதிய பழைய பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த நான்காம் நாள் என் மகளுக்குத் தொப்புளைச் சுற்றி அரிப்பு கண்டது. ஒரு வாரத்தில் அந்த இடம் தடித்துச் சிவந்து, கொண்டைக்கடலை அளவில் நீர்க்கொப்புளங்கள் எழும்பின. வயிறு, தொடை, கை என்று பரவி மணிக்கட்டுக்கும் வந்துவிட்டது. அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்களைத் தேங்காயெண்ணெய் தடவி ஒவ்வொன்றாக நான்தான் கழற்றினேன். பிள்ளை பிறக்குமுன் வளையலைக் கழற்றலாமா என்று கேட்டவர்கள், அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினார்கள். அக்கி என்று காவி எழுதக் கூப்பிட்டவர்களும் உண்டு. இப்படியே இரண்டு வாரம் போய்விட்டது.

தோல் மருத்துவர் கொப்புளத்தின் ஓரத்தில் கடுகத்தனை தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைத்திருக்கும் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறதாம். ஏறக்குறைய 50,000 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருமாம். யாருக்கும் ஒட்டாது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய சில நாளில் புதுக் கொப்புளம் வருவது நின்றது.

ஆனால் பரிசோதனைச் சீட்டில் ‘ஹெர்பிஸ் ஜெஸ்டேஷனிஸ்’ என்று எழுதியிருந்தார்கள். சம்பந்தி வீட்டில் ஒருவர் செல்போனில் ஹெர்பிஸ் என்று தேடி, உடலுறவாலும் தொற்றும் கிருமி அது என்று படித்துவிட்டு, “இது எங்கிருந்து வந்தது?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். நிறைமாதக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிரவு அவள் சோறு தொடவில்லை.

மறுநாளே சம்பந்தியை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அது 1872-இல் வைத்த பெயர், ஹெர்பிஸ் கிருமிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இன்றைய பெயர் ‘பெம்பிகாய்டு ஜெஸ்டேஷனிஸ்’ என்று அவர் பொறுமையாக விளக்கினார். தவறான பெயரென்று தெரிந்தபின்னும் அதை ஏன் எழுதவேண்டும்?

பிரசவமான மூன்றாம் நாள் கொப்புளம் மறுபடி பொங்கியது. பேரனின் பாதத்திலும் நான்கு கொப்புளங்கள் இருந்தன. மருந்தில்லாமலே சில வாரத்தில் வாடிவிட்டன. பால் கொடுக்காதே என்றவர்களை நான் அறைக்குள் விடவில்லை. மருத்துவர் கொடுக்கச் சொல்லியிருந்தார், அவளும் கொடுத்தாள்.

மருத்துவர்களும் பரிசோதனைக் கூடத்தாரும் அந்தப் பழைய பெயரைக் கைவிட வேண்டும். கர்ப்பிணியின் தொப்புளருகே அரிப்பும் கொப்புளமும் கண்டால் உடனே தோல் மருத்துவரிடம் அனுப்பும்படி கிராம செவிலியர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்திலும் இது வரலாம், இன்னும் சீக்கிரமே வரலாம் என்கிறார்கள். அன்று என் மகள் கையிலிருக்கும் சீட்டில் சரியான பெயர் இருக்கட்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சிவகங்கை மாவட்டம்.