பூச்சியைப் பிடித்துப் போடாதீர்கள், வளர்த்துப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் செல்லப் பிராணிகளைப் பற்றி வெளிவரும் பகுதிகளில் நாய், பூனை, மீன் தொட்டி ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம், அண்மைக் காலமாக நம் மாவட்டத்து வீடுகளுக்குள் வந்துசேர்ந்திருக்கும் ‘பியர்டட் டிராகன்’ என்னும் தாடி ஓணானுக்குக் கிடைப்பதில்லை. கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் போன்ற கரையோர ஊர்களிலும் இதை ஆசையாக வளர்க்கும் இளைஞர்களை இப்போது காண முடிகிறது. கண்ணாடித் தொட்டிக்கும் விளக்குக்கும் தாராளமாகச் செலவிடும் அவர்கள், அந்த ஓணான் அன்றாடம் தின்னப்போகும் பூச்சி எங்கிருந்து வருகிறது, அது எதைத் தின்று வளர்ந்தது என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த ஓணானின் பூர்விகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதி. குஞ்சாக இருக்கும்போது பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று விரைவாக வளர்வதும், வளர்ந்த பிறகு இலைதழைகளை மிகுதியாகவும் பூச்சிகளைக் குறைவாகவும் தின்பதும் அதன் இயல்பு. எனவே முதல் ஓராண்டில் நாம் கொடுக்கும் பூச்சியைப் பொறுத்தே அதன் எலும்பு அமைகிறது. உணவில் பாஸ்பரஸைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு சுண்ணாம்புச்சத்து அதற்கு வேண்டும். பூச்சிகளிடத்திலோ இந்தக் கணக்குத் தலைகீழாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கிரிக்கெட்’ எனப்படும் சில்வண்டின் உடலில் சுண்ணாம்புச்சத்தைப் போல ஏறத்தாழ 7 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. கடைகளில் ‘மீல்வார்ம்’ என்று விற்கப்படும் மாவுப்புழுவில் அது 15 மடங்கையும் தாண்டும். இந்தக் குறையை ஈடுசெய்யாமல் மாதக்கணக்கில் புழுவை மட்டுமே போட்டு வளர்த்தால், ஓணானின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடத் தொடங்கும். விரலால் அழுத்தினால் வளையும் அளவுக்குத் தாடை மென்மையாகி, கால்கள் நடுங்கி, முதுகு கோணிய பிறகுதான் பலரும் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். புற ஊதா ‘பி’ கதிர் படாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்பு கொடுத்தாலும் அது உடலில் சேராது என்பதையும், கண்ணாடிச் சன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் சன்னலோர வெயிலை நம்பிப் பயனில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்துப் புழு வாங்குவானேன், கொல்லையிலும் வயலிலும் வெட்டுக்கிளி கிடைக்காதா என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். கிடைக்கும், அதுதான் ஆபத்து. குண்டு மிளகாய்க்கும் பருத்திக்கும் இலைப்பேனை விரட்ட மருந்து அடிக்கிற வட்டாரம் இது. மருந்து பட்டும் சாகாமல் தத்தித் தத்தித் திரியும் வெட்டுக்கிளிதான் பையன்கள் கையில் எளிதில் அகப்படுகிறது. கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போன தெருவில் மறுநாள் பொறுக்கும் பூச்சிகளும் அப்படியே.

மருந்தே படாதவற்றிலும் தொடக்கூடாதவை உண்டு. கரையோரத் தரிசுகளில் எருக்கஞ்செடி எங்கெங்கும் நிற்கிறது. அதில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட ஒரு பெரிய வெட்டுக்கிளி கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடிப்பதற்கு எளிது, பார்ப்பதற்கும் கொழுத்த இரையாகத் தெரியும். ஆனால் எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சை அது தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. தொந்தரவு செய்தால் அந்த நஞ்சு கலந்த நீரைப் பீய்ச்சியும் அடிக்கும். அத்தனை பகட்டான நிறத்தோடு அது ஒளியாமல் உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் அதுவே. உளுந்து, தட்டைப்பயறுப் பூக்களை மேயும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டையும் கொடுக்கக் கூடாது. அதன் சாறு நம் தோலில் பட்டாலே கொப்புளம் எழும்பும். மின்மினியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வட அமெரிக்க மின்மினி ஒன்றிரண்டைத் தின்ற தாடி ஓணான்கள் செத்துப்போனது அறிவியல் இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நம்மூர் மின்மினியிடம் அதைச் சோதித்துப் பார்க்கும் வேலையை வீட்டுப் பிராணியின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்தது கடைப் புழு. மாவுப்புழுவும், அதைவிடப் பெரிதான ‘சூப்பர்வார்ம்’ புழுவும் அரோவானா மீனுக்காக வரவழைக்கப்படுபவை. ஓணானுக்கும் அவையே விற்கப்படுகின்றன. கொழுப்பு மிகுந்தவை, மேல்தோல் தடித்தவை. வளர்ந்த ஓணானுக்கு எப்போதாவது நாலைந்து கொடுப்பதில் தவறில்லை. குஞ்சுக்கு அதுவே முழுத் தீனி என்றால் தவறு. வெளியூரிலிருந்து கூரியரில் வரவழைத்தால் கோடையில் பாதி செத்தே வந்து சேரும் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, இந்த ஓணானை வளர்ப்பவர்கள் வீட்டிலேயே சில்வண்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இங்கே நமக்கு ஒரு பெரிய வசதியும் ஒரு பெரிய இடைஞ்சலும் இருக்கின்றன. குளிர் நாட்டார் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துவிட்டுச் சூடேற்றும் பாய்க்கும் பல்புக்கும் அலைபவர்களைப் பார்க்கிறேன். சில்வண்டு பெருகுவதற்கு வேண்டிய 30 பாகை வெப்பம் நம் வீடுகளில் ஆண்டின் பெரும்பகுதியும் செலவில்லாமல் கிடைக்கிறது. இடைஞ்சல், கடற்காற்றின் ஈரம். அந்தக் குறிப்புகள் ஈரம் போதாமைக்கு வழி சொல்கின்றன. நமக்கு வேண்டியது ஈரத்தை வெளியேற்றும் வழி.

நம் நாட்டு வயல்களில் இயல்பாகவே இருக்கும், இறக்கை தொடங்கும் இடத்தில் இரு மஞ்சள் புள்ளிகள் கொண்ட கருஞ்சில்வண்டை வளர்ப்பதே நல்லது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட பழுப்பு நிற வீட்டுச் சில்வண்டை ஒரு வகை வைரஸ் தாக்கிப் பண்ணை பண்ணையாக அழித்தபோது, பலர் நாடியது இதைப் போன்ற வேறு இனங்களைத்தான். மருந்து படாத இடத்தில், கல்லுக்கடியில் பிடித்த சில ஆண், பெண் பூச்சிகள் தொடக்கத்திற்குப் போதும். பிடித்தவற்றை ஓணானுக்குக் கொடுக்க வேண்டாம். அவை இடும் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளைக் கொடுங்கள். மருந்தின் எச்சமும் வெளியிலிருந்து வரும் ஒட்டுண்ணிகளும் இதனாலேயே பெருமளவு தவிர்க்கப்படும்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நடுவே செங்குத்தாக அடுக்கிய முட்டை அட்டைகள், மூடியிலும் இரு பக்கங்களிலும் அறுத்து ஒட்டிய கம்பி வலை: இவ்வளவுதான் அமைப்பு. வலை எவர்சில்வராக இருக்கட்டும். நைலான் வலையைச் சில்வண்டு கடித்து ஓட்டை போட்டுவிடும், சாதா இரும்பு வலை உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பக்கவாட்டில் வலை வைப்பதை வெளிநாட்டுக் குறிப்புகள் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை, ஆனால் நம் கரையில் காற்று குறுக்கே ஓடாத பெட்டியில் தவிடு பூஞ்சணம் பூத்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் பெருகி, எல்லாம் நாறிப்போகும். தவிட்டை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும், வெயிலில் காய்ந்ததாக, ஆழமில்லாத தட்டில் வைக்க வேண்டும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் விழுந்து சாகும். பூசணி, கேரட் துண்டுகளே தாகத்துக்குப் போதும்; அவற்றையும் மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். செத்த பூச்சியை அன்றே அகற்ற வேண்டும்.

முட்டைக்கு மட்டும் ஈரம் வேண்டும். தயிர் டப்பா ஒன்றில் ஈரத் தென்னைநார்க் கழிவை நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தால், பெண் வண்டு தன் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி போன்ற உறுப்பை அதற்குள் செங்குத்தாக இறக்கி, சற்று நகர்ந்து மறுபடி இறக்கி, ஒவ்வொன்றாக முட்டையிடும். விரலால் லேசாகக் கிளறினால் குருணை அரிசி போல மங்கிய வெள்ளையாக முட்டைகள் தெரியும். சில நாள் கழித்து டப்பாவை மூடியிட்டு வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால், நம் வெப்பத்தில் 10 முதல் 14 நாளுக்குள் எறும்பளவுக் குஞ்சுகள் வெளிவரும். அவை முழு வளர்ச்சி அடைய 6 முதல் 8 வாரம் ஆகும். கடற்கரை மணலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, உப்பு. தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எறும்பு வந்தால் சாக்பீஸ் மருந்தால் கோடு போடுவது நம் வழக்கம். அதே மருந்து சில்வண்டையும் கொல்லும். பெட்டிக்குக் கால் வைத்து, அந்தக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களின் நடுவே நிறுத்துவதே வழி. கொசுவத்திச் சுருளும் திரவக் கொசுவிரட்டியும் எரியும் அறையில் பெட்டி இருக்கக் கூடாது. இரவெல்லாம் கத்துகிறதே என்று வீட்டார் முறையிட்டால், கத்துவது ஆண் வண்டு மட்டுமே என்பதால், இனப்பெருக்கத்துக்குச் சிலவற்றை நிறுத்திக்கொண்டு மற்ற ஆண் வண்டுகளை முதலில் தீனியாக்கிவிடலாம். வீட்டுக்குள் பூச்சி வளர்ப்பதை அருவருப்பாக நினைப்பவர்கள் இந்த ஓணானை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

வளர்த்த பூச்சியை அப்படியே தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. கொடுப்பதற்கு முந்திய ஒரு நாளாவது அதற்கு முருங்கைக்கீரை, அகத்திக்கீரை போன்ற சுண்ணாம்புச்சத்து மிகுந்த தழைகளை வயிறு நிறையத் தின்னக் கொடுக்க வேண்டும். பூச்சியின் குடலில் இருப்பதும் சேர்ந்துதான் ஓணானின் வயிற்றுக்குப் போகிறது. பிறகு பாஸ்பரஸ் கலவாத கால்சியம் தூளில் பூச்சியைப் புரட்டிப் போட வேண்டும். தூள் கிடைக்காவிட்டால் நம் கரையில் தாராளமாகக் கிடைக்கும் கணவாய் ஓடு இருக்கிறது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. உப்புப் போகும்வரை சில நாள் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, காயவைத்து, மெல்லிய தூளாகச் சுரண்டிக்கொள்ளலாம். சுண்ணாம்புதானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பையோ சிப்பிச் சுண்ணாம்பையோ தொடக் கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

இரையின் பருமன் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. தின்னாமல் விட்ட சில்வண்டை இரவில் தொட்டிக்குள் விட்டுவைத்தால், அது தூங்கும் ஓணானைக் கடிக்கும்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த ‘டூபியா’ கரப்பானைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். கத்தாது, வழுக்கும் சுவரில் ஏறாது, முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும், சத்தும் உண்டு, எல்லாம் உண்மை. ஆனால் வெப்பமும் ஈரமும் அதற்கு உகந்தவை. தப்பிப் போனால் நம் கரையில் பிழைத்துக்கொள்ளக் கூடிய வெளிநாட்டுக் கரப்பானை வீட்டுக்கு வீடு வளர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டுப்புழு கிடைத்தால் நல்லது, கொழுப்புக் குறைவு. ஆனால் அது தின்னும் முசுக்கொட்டை இலைக்கு நம் பக்கத்தில் எங்கே போவது? கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு ஒன்றுதான் தன்னளவிலேயே பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச்சத்து மிகுந்தது. மீன், கோழித் தீவனத்துக்காக அதை வளர்ப்பது இப்போது பரவிவருகிறது. மீன் கழிவில் வளர்ந்ததை வாங்காமல், காய்கறிக் கழிவிலோ தவிட்டிலோ வளர்ந்ததைக் கேட்டு வாங்கினால் சில்வண்டோடு மாற்றி மாற்றிக் கொடுக்க அது மிகவும் பொருத்தமானது.

அரிசி அந்துப்பூச்சியைப் பெட்டிகளில் வளர்த்து, அதன் முட்டைகளில், பயிர்ப் பூச்சிகளின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் சிறு குளவி ஒட்டுண்ணியைப் பெருக்கி, அட்டையாக்கி உழவர்களுக்கு வழங்குவது தமிழ்நாட்டு வேளாண்மைத் துறைக்குப் பழகிய வேலை. பூச்சியைச் சுத்தமாக, பூஞ்சணமும் உண்ணியும் அண்டாமல் பெருக்கும் அறிவு அரசுத் துறையிடம் இருக்கிறது. அது சில்வண்டுக்கும் சிப்பாய் ஈக்கும் பெரிதும் பொருந்தும். காளான், தேனீ வளர்ப்புக்கு நடத்துவதைப் போல ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையம் இரைப்பூச்சி வளர்ப்புக்கும் ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். செல்லப் பிராணி வளர்ப்பவர்களோடு நாட்டுக்கோழியும் மீனும் வளர்ப்பவர்களுக்கும் அது பயன்படும். கரையோரப் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குச் சிறு வருமானத்துக்கும் வழி பிறக்கும். பெட்டிகள் பூஞ்சணம் பிடித்து வீணாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் என்பதால், அந்தப் பயிற்சியை ஆவணி, புரட்டாசிக்குள் நடத்துமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழக்கரை.