மீனின் விலையை எழுதி வையுங்கள்: உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவிலிலும் கன்னியாகுமரியிலும் உணவகம் நடத்தும் மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விலைப்பட்டியலில் மீன் வகைகளுக்கு நேராக என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரோட்டாவுக்கு விலை இருக்கிறது, பிரியாணிக்கு இருக்கிறது, எலுமிச்சைச் சாற்றுக்கு உப்புப் போட்டால் ஒன்று, சர்க்கரை போட்டால் ஒன்று என்று தனித்தனியே இருக்கிறது. முழு மீன் என்ற தலைப்புக்கு வந்ததும் எண்கள் நின்றுபோய், 'அளவைப் பொறுத்து' என்றோ 'அன்றைய விலை' என்றோ இரண்டு சொற்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மடல். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: மீனின் விலையை எழுதி வையுங்கள்.

இப்படி ஒரு மடலை எழுத வைத்தது சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்தது. எந்த உணவகம் என்று நான் குறிப்பிடப் போவதில்லை. அந்த ஒன்றில் மட்டும் நடப்பதாக இருந்தால் அங்கேயே பேசி முடித்திருப்பேன். என் தம்பி மகள் முதல் சம்பளம் வாங்கியிருந்தாள். குடும்பத்தில் ஏழு பேரையும் நகரத்தில் ஒரு நல்ல உணவகத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கணக்குப் பார்க்கும் பெண் அவள். முந்தைய நாளே அந்த உணவகத்தின் விலைப்பட்டியலைக் கைப்பேசியில் எடுத்து, யாருக்கு என்ன பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, மீனுக்கு மட்டும் விலை இல்லாததால் அறுநூறு ரூபாய் இருக்கும் என்று தானாக ஒரு தொகையைப் போட்டு, வரியையும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்பி வந்திருந்தாள். மீனை அவள் விட்டுவிட முடியாது, ஏனென்றால் அது என் அம்மாவுக்காக.

என் அம்மாவைப் பற்றி இரண்டு வரி சொல்ல அனுமதியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து, குளச்சலிலிருந்து இரணியல், திங்கள்சந்தை, வில்லுக்குறி என்று வீடு வீடாக விற்று எங்களை வளர்த்தவர். இப்போது எழுபத்தெட்டு வயது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். பேருந்தின் எண், ரேஷன் அட்டையின் எண், நாள்காட்டியின் தேதி, ரூபாய்க் கணக்கு எதிலும் அவரை யாரும் ஏமாற்றிவிட முடியாது. அந்த உணவகத்தின் விலைப்பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா அதை வாங்கி, சொற்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பொருளின் பக்கத்தில் விரல் நின்றபோது அங்கே எண் இல்லை.

பரிமாறுபவர் ஒரு தட்டில் ஐஸின் மேல் மூன்று மீன்களை வைத்துக் கொண்டுவந்து காட்டினார். அம்மா ஒரு விளமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றில் விரலை அழுத்திப் பார்த்தார், "நல்ல மீனுதான், முக்கா கிலோ நிக்கும்" என்றார். பிறகு, ஆயுள் முழுக்கப் பிறர் தன்னிடம் கேட்ட கேள்வியை அவர் கேட்டார்: "இது என்ன வெல மக்ளே?"

"பில்லில் வரும் பாட்டி" என்று அந்தப் பையன் சிரித்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அசாமிலிருந்து வந்து, சில மாதங்களில் 'பாட்டி' என்று அழைக்கும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்ட பிள்ளை. மீனின் விலை அவனுக்கும் சொல்லப்படவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. விலை தெரிந்தவர் கல்லாவில் இருந்தார். கேள்விகள் வந்து சேர்ந்ததோ அந்தப் பையனிடம்.

பில் வந்தது. விளமீன் தவா, எண்ணிக்கை 1, ரூபாய் 1,950. எத்தனை கிராம், கிராமுக்கு என்ன விலை, எடை சமைப்பதற்கு முன்னால் பார்த்ததா பின்னால் பார்த்ததா, தலையும் குடலும் சேர்த்தா என்று ஒரு விவரமும் இல்லை. மற்ற எல்லாம் சேர்ந்து 1,900 ரூபாய். ஏழு பேர் சாப்பிட்டதைவிட ஒரு மீன் ஐம்பது ரூபாய் அதிகம். 5 சதவீத ஜிஎஸ்டியோடு 4,043 ரூபாய். தம்பி மகள் பில்லைச் சட்டென்று மடித்தாள். மடித்த தாளின் மேல்பாதியில் அந்த 1,950 மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த அம்மா, "எல்லாத்துக்கும் சேர்த்தா மக்ளே? இவ்வளவு ஆயிட்டா?" என்று கேட்டார்.

"ஆமா பாட்டி, எல்லாத்துக்கும்தான்" என்றாள் அவள்.

சற்று நேரத்தில் கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்து, "பெரியப்பா, ஒரு ஆயிரத்து நூறு ரூபாய் அனுப்புங்க, நாளைக்குத் தாரேன்" என்று காதோடு சொன்னாள். முதல் சம்பளத்தில் குடும்பத்துக்கு விருந்து வைத்த பிள்ளை, தான் வைத்த விருந்துக்குக் கடன் கேட்ட அந்த நிமிடத்தைத்தான் என்னால் இன்றுவரை தாண்டிப் போக முடியவில்லை. 1,950 ரூபாய் பெரிய தொகையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த எண் பட்டியலில் இருந்திருந்தால் நாங்கள் வேறு மீன் கேட்டிருப்போம், அல்லது துண்டு மீன் வாங்கியிருப்போம், அல்லது யோசித்து அதையே வாங்கியிருப்போம். எதுவாக இருந்தாலும் அது அவளுடைய முடிவாக இருந்திருக்கும்.

இதற்கு நீங்கள் சொல்லும் பதிலை நான் அறிவேன், ஏனெனில் அன்று கல்லாவில் அதைக் கேட்டேன். மீன் விலை தினமும் மாறும், அதனால் அச்சடிக்க முடியாது என்றார்கள். மாறும் என்பது உண்மைதான். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதும், தமிழ்நாட்டில் இந்த இரண்டு தடைகளும் வந்து விழுவது நம் ஒரே மாவட்டத்தில்தான் என்பதும், கிழக்குக் கரையின் சின்னமுட்டம் துறைமுகம் அடைத்திருக்கும்போது மேற்குக் கரையின் குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வரும் மீனுக்கு என்ன போட்டி இருக்கும் என்பதும் மீன்காரியின் மகனுக்குத் தெரியாதவை அல்ல. காற்று மாறினாலும் விலை மாறும். ஆனால் மாறும் பொருளுக்கு விலை எழுதக் கூடாது என்று எங்கே இருக்கிறது? தங்கத்தின் விலை தினமும் மாறுகிறது. செட்டிகுளம் சந்திப்பிலோ கோட்டாரிலோ நகைக்கடைக்குள் நுழைந்தால் அன்றைய விலை பலகையில் இருக்கும். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூவின் விலை விடிவதற்கும் வெயில் ஏறுவதற்கும் இடையிலேயே மாறிவிடும். விலை சொல்லாமல் அங்கே யாரும் பூவை நிறுத்துக் கட்டுவதில்லை.

மீனையே எடுத்துக்கொள்வோம். வள்ளம் கரையேறியதும் மணலில் கொட்டிய மீனைச் சுற்றிக் கூட்டம் நிற்க, ஏலம் விடுபவர் ஊரறியக் குரல் உயர்த்தி ஒரு தொகையைச் சொல்கிறார், அது ஏறுகிறது, ஒரு தரம், இரண்டு தரம் என்று மறுபடியும் சொல்லப்படுகிறது, சுற்றி நிற்கும் குழந்தைக்குக்கூட அன்றைய விலை தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து கடவத்தில் ஏறிய மீனுக்கு என் அம்மா ஒவ்வொரு நடையிலும் விலை சொன்னார். அவரிடம் தராசு இருந்ததில்லை. கூறு வைத்துத்தான் விற்றார். கூறுக்கு என்ன விலை என்று சொன்ன பிறகே வாங்குபவர் சட்டியை நீட்டினார். பேரம் பேசினார்கள், ஏசினார்கள், சிலர் வாங்காமல் அனுப்பினார்கள். எல்லாம் விலை தெரிந்த பிறகு நடந்தது. வெயிலில் நின்று கத்திச் சொன்ன விலையை, குளிரூட்டிய அறைக்குள் சிறிய எழுத்தில் எழுதக்கூடக் கூச்சப்படுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பேருந்தில் மீன்கூடையின் வாடைக்கு மூக்கைப் பொத்தி இடம் மாறி உட்காரும் நகரம் இது. அதே மீன் இரண்டு எலுமிச்சைத் துண்டோடு தட்டில் வந்தால் விலையைக் கேட்பதே அநாகரிகமாகிவிடுகிறது.

சொல்லத் தொடங்கியதால் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் நெய்மீன் என்று சொல்வது உங்கள் பட்டியலில் வஞ்சிரமாகிவிட்டது; மாங்காய் போட்டுத் தேங்காய் அரைத்த நம் வீட்டுக் குழம்பு, மலபாருக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு கூடுதல் விலையோடு திரும்பி வந்திருக்கிறது. போகட்டும், பெயர் வைப்பது உங்கள் உரிமை. தண்ணீர் கேட்டால் புட்டி வருகிறது. புட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் உணவகங்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டபடியால் அதைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. அந்தப் புட்டியிலாவது ஒரு விலை அச்சிடப்பட்டிருக்கிறது, எவ்வளவு கூடுதலாக வாங்குகிறீர்கள் என்றாவது தெரிகிறது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்ததையும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அன்றைய பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இல்லை. விலையே எழுதாத ஒரு பொருள் பட்டியலில் இருக்கும்போது அப்படி ஒரு வரி தனியாக எதற்கு?

மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்க வந்தவன் வேறெங்கோ போய்விட்டேன்.

உணவகம் நடத்துவது எவ்வளவு கடினம் என்று தெரியாமல் எழுதவில்லை. இட வாடகை, எரிவாயு, ஆள் கிடைக்காத திண்டாட்டம், சீசனில் நிற்க இடமில்லாத கூட்டம், சீசன் முடிந்தால் ஈ ஓட்டும் மேசைகள் ஆகிய எல்லாவற்றையும் தாங்கித்தான் நீங்கள் கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். மீனுக்கு இவ்வளவு லாபம் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1,950 ரூபாய் நியாயமா என்ற வழக்குக்கே நான் வரவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் அளவையும் விலையையும் அறிந்துகொள்வதை வாங்குபவரின் உரிமை என்று சொல்கிறது. 1915 என்ற உதவி எண்ணும் என்னிடம் இருக்கிறது, பில்லும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்க்காமல் இந்த மடலை எழுதுவதற்குக் காரணம், உங்களில் பலர் எங்களுடைய அக்கம்பக்கத்தார். புகார் கொடுத்துப் பெற வேண்டிய அளவுக்கு இது பெரிய பொருள் என்று நான் நினைக்கவில்லை.

முன்பு வேப்பமூட்டுப் பக்கம் காப்பிக்கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தொங்கும். அன்றைக்கு என்ன உண்டு, என்ன விலை என்று காலையில் எழுதுவார்கள், தீர்ந்துபோனதை ஈரத்துணியால் துடைப்பார்கள். அதுபோல ஒன்று போதும். காலையில் மீன் வந்து இறங்கியதும், இன்ன மீன், நூறு கிராம் இன்ன விலை, எடை சமைப்பதற்கு முன் பார்த்தது என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மீனை அவர் கண்முன் ஒரு தராசில் வையுங்கள். அந்த எடையைப் பில்லில் போடுங்கள். அந்த அசாம் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள்; எண்களைத் தமிழில் சொல்ல அவனுக்கு ஒரு நாள் போதும். அன்புகூர்ந்து, மீனின் விலையை எழுதி வையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லோரையும் மீண்டும் வெளியே அழைத்துப்போக வேண்டும் என்று தம்பி மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா, போன தடவை ஏழு பேருக்கும் சேர்த்து 1,950 ரூபாய்தானே ஆயிற்று, அவ்வளவு செலவு வேண்டாம் என்கிறார். அவரிடம் இதுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
குளச்சலில் பிறந்து நாகர்கோவிலில் வாழும் உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்