வியாழக்கிழமை வகுப்பில் நோயாளியைப் பற்றிப் பேச விடுங்கள்

தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைக்கான இணையவழி வகுப்பை நடத்தும் பொறுப்பில் இருக்கிற ஐயா, அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் வந்த சுற்றறிக்கையைப் படித்தோம். வகுப்பு வியாழனிலிருந்து புதனுக்கு மாறுகிறது. கேஸ் பேசுவதில், அதாவது அவரவர் பார்க்கும் நோயாளியின் நிலையைச் சொல்லி யோசனை கேட்பதில், நேரம் வீணாகிறது, எனவே இனி ஒரு மணி நேரமும் பாடம்தான். முடிவில் கூகுள் படிவத்தில் வருகையைப் பதிய வேண்டும். பதியாதவர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. கேஸ் பேசத்தான் நாங்கள் அந்த வகுப்புக்கே வருகிறோம். அதை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறோம்.

ஒரே ஒரு நோயாளியின் நிலையைச் சொன்னால் போதும். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். வாய்ப்புற்று வந்த ஓர் ஆச்சி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கூட இருந்து பார்ப்பது மாதச் சம்பளத்துக்கு வரும் ஓர் அம்மா. வலி தாங்க முடியாமல் போனதும் மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தை ஆரம்பித்தாயிற்று. 10 மி.கி. மாத்திரையில் பாதி, நாலு மணிக்கு ஒருமுறை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க. வாயை நன்றாகத் திறக்க முடியாததால் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தது. கூடவே மலம் இளக்க பைசகோடில் 5 மி.கி. மாத்திரை இரண்டு, தினமும் இரவில். எல்லாம் முறைப்படிதான். இரண்டு நாளில் ஆச்சி தூங்கினார்.

ஐந்தாறு நாள் கழித்துத் துணியில் தண்ணீர் போலக் கொஞ்சம் கொஞ்சமாக மலம் கசிந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பார்த்துக்கொள்கிற அம்மா பைசகோடிலை நிறுத்தினார். பிறகு வயிறு உப்பியது, குமட்டல் வந்தது. ‘அந்த மாத்திரை ஒத்துக்கலை’ என்று மகன் போனில் சொல்ல, மார்ஃபினும் நின்றது. வலி பழையபடி வந்துவிட்டது.

இதில் நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். மலம் கீழே இறுகி அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாக நீர் மட்டும் கசிகிறது. மார்ஃபின் குடலின் அசைவைக் குறைக்கும். குமட்டலும் மயக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. கையுறை போட்டு ஆசனவாயில் விரலால் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கிளிசரின் மருந்தோ எனிமாவோ வைத்து அடைப்பை எடுத்துவிட்டு, பைசகோடிலை மீண்டும் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டி, மார்ஃபினை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கேஸ் படிவம் அந்த வாரத்து வகுப்புக்கு முறையாக அனுப்பப்பட்டிருந்தது. ‘பேதியாகிறது, மார்ஃபினை நிறுத்தலாமா?’ என்பதுதான் ஆச்சி வீட்டுக்குப் போய்வரும் செவிலியர் அதில் கேட்டிருந்த கேள்வி. அன்றைக்கு நேரமில்லை என்று தள்ளிவைத்துவிட்டுப் பாடம் நடந்தது. அந்தப் பாடத்தில் மார்ஃபினின் பக்க விளைவுகள் என்று ஒரு படம். அதில் மலச்சிக்கல் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தது. பேதியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? கேஸைப் பேசியிருந்தால், தேவகோட்டையிலோ சிங்கம்புணரியிலோ இருக்கிற அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் ‘விரல் விட்டுப் பார்த்தியாம்மா?’ என்று கேட்டிருப்பார். கேள்வி அங்கேயே தீர்ந்திருக்கும். ஆச்சி அடுத்த வாரம் வரை வலியோடு கிடந்தார்.

இந்த முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 2003-ல் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய் வந்தவர்களுக்காக எக்கோ என்ற பெயரில் தொடங்கினார். தொலைதூர ஊர்களின் சாதாரண மருத்துவர்கள் தங்கள் நோயாளியைப் பற்றி வீடியோவில் சொல்ல, நிபுணர்களும் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து வழி சொன்னார்கள். அவர்கள் தந்த சிகிச்சையும் பல்கலைக்கழக மருத்துவமனைச் சிகிச்சைக்கு நிகராக இருந்தது என்று 2011-ல் ஆய்வு வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் இதே முறையை நோய் ஆதரவு சிகிச்சைக்கு நடத்துகிறது. கேஸை எடுத்துவிட்டால் அந்த முறையில் மிஞ்சுவது வெறும் வீடியோ.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடியும். ஒரு பக்கப் படிவம்: வயது, ஆணா பெண்ணா, நோய், வலி பத்துக்கு எத்தனை, என்ன மருந்து எந்த நேரத்தில் எவ்வளவு, கூட இருப்பவர் யார், கடைசியாக ஒரே ஒரு கேள்வி. செவிலியர் ஐந்து நிமிடம் சொல்லட்டும். அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் சந்தேகம் கேட்கட்டும். நிபுணர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் மற்றவர்கள் பேச மாட்டார்கள். கடைசி ஐந்து நிமிடம் யோசனைகளுக்கு. இப்படி இரண்டு கேஸுக்கு நாற்பது நிமிடம், பாடத்துக்குப் பதினைந்து நிமிடம். அன்று பேசிய கேஸுக்கு ஒட்டிய பாடமாக, தமிழில். சொன்ன யோசனைகளை அன்று மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும். பெயரும் முகமும் வெளிவரக் கூடாது. புண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு வகுப்பு வைத்தால் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்கூட வர முடியாது. வராததற்கு விளக்கம் கேட்கப்போவதும் அவர்களிடம்தான். கேமராவைப் போட்டே தீர வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் படுத்திருக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்றால் போனில் ஒரு கோடு சிக்னல் வராது. செங்கல்லும் சுண்ணாம்பும் கனத்த சுவர்கள். முகப்புக்கு வந்தால்தான் குரலாவது கேட்கும். குரல் வந்தால் எங்களுக்குப் போதும்.

வகுப்பில் கற்றதைச் செய்ய மாத்திரையும் வேண்டும் அல்லவா? 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பழைய உரிமக் குவியல் இல்லாமல் வாங்கி வைக்க வழி செய்தார்கள். அப்படியிருந்தும் புற்றுநோயாளியின் மகன் பத்து மாத்திரைக்காக மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். கணக்கு எழுதப் பயந்துகொண்டு மருந்தை வாங்காமலே இருக்கிற இடங்கள் இருக்கின்றன. கணக்குப் புத்தகத்துக்குப் பயந்து ஒரு மனிதரை இரவெல்லாம் கதற விடுவது எந்த ஊர் நியாயம்? 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்து, செவிலியர் வீட்டு வாசல் வரைக்கும் போகிறார். போன பிறகு அவர் கையில் மருந்தும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்றால் அவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்?

மன்னிக்க வேண்டும், மருந்துக்குத் தனியாக மனு எழுதுகிறோம். ஆனால் மருந்தாளுநர்களையும் வகுப்பில் சேருங்கள் என்பதை இங்கேயே கேட்டுக்கொள்கிறோம். இருப்பு எவ்வளவு, பதிவேடு எப்படி எழுதுவது என்ற பயம் அவர்கள் இருக்கிற இடத்தில் பேசினால்தான் தெளியும்.

தயவுசெய்து வகுப்பை வியாழக்கிழமை மதியம் 2 மணிக்கே வையுங்கள். முதல் நாற்பது நிமிடத்தைக் கேஸுக்கு விடுங்கள். உங்களுக்கு இதில் செலவு எதுவும் இல்லை. இணைப்பு இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள், கேட்கக் காத்திருக்கும் நாங்களும் இருக்கிறோம். வரும் வாரத்துக்கு இரண்டு படிவங்கள் தயார்: ஒன்று, நாற்றமெடுக்கும் மார்புப் புண், மெட்ரோனிடசோல் பொடி தூவியும் நாற்றம் குறையவில்லை, இன்னொன்று, சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் அளவை எவ்வளவு குறைப்பது, எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுப்பது என்ற கேள்வி. இரண்டாவதற்கு அவசரம். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவித்தால் இன்றே அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு ஊர்களில் வீடு தேடிப் போய் நோய் ஆதரவு சிகிச்சை செய்யும் செவிலியர்கள், மருத்துவர்கள், தன்னார்வலர்கள்